நான் செதுக்கிய பூட்ஸ்

வலது கால் பூட்ஸ் கழலவில்லை.

சாயங்காலம். உப்பளத்து வேலை முடிந்து வந்த என் மனைவி அஞ்சலை வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். இடது கால் பூட்ஸைத் தானே கழற்றி ஓரமாக வைத்துவிட்டாள். வலதோடு கொஞ்ச நேரம் மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். நான் எதிரே குந்தி, குதிகால் பக்கம் பிடித்து இழுத்தேன். கறுப்பு ரப்பர் பூட்ஸ், முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை வரும். கால் உள்ளே வீங்கி இறுகிக் கிடந்தது.

"வலிக்குதா?"

"வலி எங்க தெரியுது எனக்கு. நீங்க இழுங்க."

இழுத்தேன். பூட்ஸ் ஒரு சத்தத்தோடு கையில் வந்தது. கூடவே ஒரு வாடையும் வந்தது. உப்புத் தண்ணீரும் ரப்பரும் சேர்ந்த வாடை எனக்குப் பழக்கம். இது அதுவல்ல.

பூட்ஸுக்குள் கையை விட்டுத் தடவினேன். விரலில் ஏதோ குத்தியது. கையை எடுத்துவிட்டு பூட்ஸைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடிப்பாகத்தில் ஒரு படகு ஆணியின் தலை, துருப்பிடித்து, ரப்பரோடு சமமாகப் பதிந்து கிடந்தது. அதன் முனை உள்ளே அரை விரலுக்கு நீண்டிருந்தது.

அஞ்சலை அதை வாங்கிப் பார்த்தாள். "இது எப்ப ஏறிச்சு?" என்று கேட்டாள். யாருக்குத் தெரியும்? ஒரு நாளாக அதன் மேல் நடந்தாளோ, நாலு நாளாக நடந்தாளோ. காலையில் அதன் மேல் காலை வைத்து மாட்டியிருக்கிறாள். மாலையில் கழற்றி வைத்திருக்கிறாள். தினமும் அவள் பக்கத்திலேயே இருந்த எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

போன வாரம், சுரங்க வேலையை விட்டுவிட்டு நான் மரக்காணம் திரும்பிய கதையோடு நிறுத்தியிருந்தேன். அதைப் படித்த வாசகர் ஒருவர், "கரியை விட்டு உப்புக்கு வந்தீர்களே, அங்கே கற்ற பாதுகாப்பு விதிகள் இங்கே உதவினவா?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். நல்ல மனசோடுதான் கேட்டிருக்கிறார். கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் பேனாவைத் தொடவில்லை. இந்த வாரம் அவருக்குப் பதில் எழுதுகிறேன்.

ஹெல்மெட்டில் ஓட்டை

ஆந்திரப் பக்கம் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் பூமிக்கு அடியில் பதினாறு வருஷம் வேலை பார்த்தவன் நான். இந்தத் தொடரை இன்றுதான் கையில் எடுப்பவர்களுக்காக ஒரு விஷயத்தைத் திரும்பச் சொல்கிறேன்.

கீழே இறங்குவதற்கு முன் விளக்கு அறை என்று ஒன்று உண்டு. தலைக்கு ஹெல்மெட். ஹெல்மெட்டில் மாட்டுகிற விளக்கு, இடுப்பில் அதற்கான பேட்டரி. கீழே தீயோ புகையோ சூழ்ந்தால் வாயில் கவ்விக்கொண்டு மூச்சு விட்டபடி வெளியே வர ஒரு டப்பா. காலுக்கு முனையில் இரும்பு வைத்த பூட்ஸ். இதில் ஒன்று குறைந்தாலும் இறங்க முடியாது. அழுதாலும் முடியாது, அரசியல்வாதியின் மச்சானாக இருந்தாலும் முடியாது.

எங்கள் ஷிப்டுக்கு ஓவர்மேன் ஒருவர் இருந்தார். கீழே எங்களுக்கெல்லாம் பொறுப்பு அவர்தான். பூட்ஸ் போட்டிருந்தால் மட்டும் அவருக்குப் போதாது. ஒவ்வொருவனும் சுவரைப் பிடித்துக்கொண்டு காலைப் பின்னால் தூக்கிக் காட்ட வேண்டும். அவர் குனிந்து அடியைப் பார்ப்பார். லாடம் அடிக்கக் கொண்டுவந்த மாடு மாதிரி நிற்கிறோமே என்று எங்களுக்குள் கேலி செய்துகொள்வோம்.

என் கூட்டாளி யாதகிரி. அவனுக்கு ஹெல்மெட்டுக்குள் தலை வியர்க்கிறது என்று ஒரே புகார். ஒரு நாள் கம்பியைக் காய்ச்சி ஹெல்மெட் உச்சியில் வரிசையாக ஓட்டை போட்டுக்கொண்டு வந்தான். காற்று ஜிலுஜிலுவென்று வருகிறதாம். ஓவர்மேன் அதை வாங்கித் தரையில் வைத்தார். சுத்தியலால் ஒரே அடி. ஓட்டை போட்ட வரிசையிலேயே அது இரண்டாகப் பிளந்தது.

"குடுத்த பொருள்ல உன் கைய வெக்காத. கைய வெச்சா அது வேற பொருள் ஆயிடும்" என்று தமிழும் தெலுங்குமாகச் சொன்னார். யாதகிரியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அன்று கேண்டீனில் அவனைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அதிகம் சிரித்தவன் நான்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு முறை கரி ஏற்றிய டப் வண்டியின் சக்கரம் என் கால் விரல்கள் மேல் ஏறி இறங்கியது. பூட்ஸின் முனை நசுங்கியது. எனக்குப் பெருவிரல் நகம் கறுத்ததோடு சரி. அன்றிலிருந்து சாமியை நம்புகிறேனோ இல்லையோ, பூட்ஸை நம்பினேன்.

லாரியில் வந்த பூட்ஸ்

மூச்சு வாங்க ஆரம்பித்ததும் சுரங்கத்தை விட்டு வந்தேன். அத்தனை வருஷமும் அஞ்சலை இங்கேதான் உப்பளத்தில் கூலி வேலை செய்துகொண்டிருந்தாள். அதே அளத்தில் தண்ணீர் இறைக்கும் மோட்டார் கொட்டகைக்கு என்னைக் காவலுக்கு வைத்தார்கள். கொட்டகையில் உட்கார்ந்தபடி அவள் உப்பு வாருவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்த வருஷம் மார்கழியில் சுனாமி அலை வந்தது. கடலோரக் குப்பங்களில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இல்லை. எங்கள் வீட்டில் எல்லோரும் தப்பித்தோம். ஆனால் அலை உப்பளத்துக்குள் புகுந்து கண்டதையும் கொட்டிவிட்டுப் போயிருந்தது. உடைந்த படகுப் பலகை, பாட்டில் கண்ணாடி, கூரைத் தகரம், ஆணி. அள்ள அள்ளத் தீரவில்லை. அடுத்த பருவத்துக்குப் பாத்தி கட்ட இறங்கியபோது காலில் கட்டுப் போடாதவர்கள் அளத்தில் குறைவு.

அஞ்சலைக்கு அதற்கு முன்பே சர்க்கரை. கால் மரத்துப் போயிருந்தது. ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒற்றைச் செருப்போடு நடந்திருக்கிறாள். கூட வந்த குப்பம்மாதான் அதை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். அதைச் சொல்லி இரண்டு பேரும் வெகு நாள் சிரித்தார்கள். குப்பம்மா பக்கத்து வீடு. உப்பளத்திலும் அஞ்சலைக்கு அடுத்த பாத்தி அவளுக்குத்தான்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு நர்ஸம்மா பொறுமையாக இரண்டு விஷயம் சொன்னார். வெறுங்காலோடு எங்கேயும் நடக்கக் கூடாது. தினமும் காலைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். நானும் கூடத்தான் நின்றேன். முதல் விஷயம் என் காதில் விழுந்தவுடன் எனக்கு பூட்ஸ் ஞாபகம் வந்துவிட்டது. இரண்டாவதைச் சொல்லும்போது நான் பூட்ஸ் எங்கே கிடைக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

கேட்ட வரம் மாதிரி ஒரு லாரி வந்தது. யாரோ புண்ணியவான்கள் உப்பளத் தொழிலாளர்களுக்கென்று ரப்பர் பூட்ஸும் கறுப்புக் கண்ணாடியும் அனுப்பியிருந்தார்கள். வரிசையில் நிற்க வைத்துக் கொடுத்தார்கள், போட்டோ எடுத்தார்கள், போய்விட்டார்கள். கண்ணாடி கல்யாண வீடுகளுக்குப் போட்டுக்கொண்டு போகப் பயன்பட்டது. பூட்ஸ் பல வீடுகளில் பரண் ஏறியது. ஒரு வீட்டில் அதில் கோழி முட்டை வைத்தது. எனக்கு ஆத்திரமாக வந்தது. இந்த ஜனங்களுக்கு எப்போதுதான் புத்தி வருமோ என்று மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்து திட்டிக்கொண்டிருந்தேன்.

பாத்தி மிதித்த கால்

அவர்கள் போடாததற்குக் காரணம் இருந்தது. உப்பு விளைகிற பாத்தியின் தரை சும்மா வந்துவிடுவதில்லை. தை பிறந்ததும் ஆணும் பெண்ணும் வரிசையாக நின்று நாள் கணக்கில் காலால் மிதித்து மிதித்துக் களிமண்ணை இறுக்குவார்கள். தரை சிமெண்ட் பூசினது போல வழவழப்பாக வந்தால்தான் உப்பு வெள்ளையாக வரும். அதில் செருப்புக் காலோடு யாரும் இறங்க மாட்டார்கள். முதலாளியே வந்தாலும் வரப்பில் செருப்பை விட்டுவிட்டுத்தான் இறங்குவார்.

அஞ்சலையை பூட்ஸோடு இறக்கிவிட்டேன். பத்தடி போவதற்குள் மேஸ்திரி ஏழுமலை ஓடி வந்தார்.

"இன்னாண்ணா இது? அடியில இருக்கற பல்லு பாத்திய பேத்துப்புடும். உப்புல மண்ணு ஏறிச்சுன்னா யார் வாங்குவா?"

சுரங்கத்தில் பூட்ஸ் இல்லாமல் ஒருவனைக்கூட விட மாட்டார்கள், தெரியுமா என்று ஆரம்பித்து, டப் சக்கரம் கால் மேல் ஏறிய கதை வரைக்கும் அவருக்குச் சொன்னேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். கடைசியில், அது கரி, இது உப்பு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அஞ்சலை வரப்பில் ஏறி பூட்ஸைக் கழற்றிவிட்டு வேலைக்குப் போனாள்.

அந்த வாரமே பாட்டில் கண்ணாடி காலைக் கிழித்து இரண்டு பேரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. வீட்டில் உட்கார்ந்து கத்தியைத் தணலில் காய்ச்சி, பூட்ஸ் அடியில் இருந்த ரப்பர் பற்களை ஒவ்வொன்றாகச் செதுக்கி எடுத்தேன். பிறகு உப்புத்தாள் வைத்துத் தேய்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்த வேலை. முடிந்தபோது இரண்டு பூட்ஸின் அடியும் உள்ளங்கை மாதிரி வழவழவென்று இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அஞ்சலை அதை வாங்கிக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். "ரொம்ப எடுத்துட்டீங்களே. மெல்லிசா இருக்குது" என்றாள்.

"பதினாறு வருஷம் பூட்ஸ் போட்டவன்கிட்ட பூட்ஸ பத்திச் சொல்றியா?" என்று கேட்டேன்.

அவள் அதைக் கொண்டுபோய் ஓரமாக வைத்தாள். மறுநாள் ஏழுமலை அடியைத் தடவிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அளம் முழுக்க என் மனைவி ஒருத்திதான் பூட்ஸோடு பாத்தியில் நின்று உப்பு வாரினாள். பெண்கள் அவளைப் போலீஸ்காரி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். யாதகிரியின் ஹெல்மெட் அந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஒரு தடவைகூட என் நினைவுக்கு வரவில்லை. சத்தியமாக வரவில்லை.

கால் பார்ப்பது

உப்பளத்துப் பெண்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்ததும் நல்ல தண்ணீர்த் தொட்டியடியில் கால் கழுவுவார்கள். கழுவி முடித்து இரண்டிரண்டு பேராக எதிரெதிரே உட்காருவார்கள். ஒருத்தி காலை இன்னொருத்தி மடியில் தூக்கி வைப்பாள். அவள் அடிப்பாதத்தைக் கையால் தடவி, விரல் இடுக்கையெல்லாம் பிரித்துப் பார்ப்பாள். உப்புச் சில்லோ முள்ளோ இருந்தால் ஊக்கால் எடுப்பாள். வெடிப்பில் எண்ணெய் தடவுவாள். பிறகு கால் மாறும். தன் உள்ளங்காலைத் தானே சரியாகப் பார்க்க முடியாது என்பதால் வந்த பழக்கம். அதற்குப் பெயரே "கால் பாக்கறது" என்பதுதான். ஊர்க்கதை, மாமியார் கதை, சினிமாக் கதை எல்லாம் அந்த நேரத்தில்தான். ஆண்கள் அந்தப் பக்கம் போக மாட்டார்கள்.

அஞ்சலைக்குக் கால் பார்ப்பவள் குப்பம்மா. கல்யாணமாகி இரண்டு பேரும் இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து அப்படித்தான்.

பூட்ஸ் போட்ட முதல் நாள் சாயங்காலம், குப்பம்மா வழக்கம்போல உட்கார்ந்து, "அஞ்சல, கால நீட்டு" என்றாள். மோட்டார் கொட்டகையிலிருந்து நான் குரல் கொடுத்தேன்.

"பூட்ஸ் போட்டவளுக்கு கால்ல பாக்க இன்னா இருக்குது? நீங்க உங்க கால பாத்துக்கோங்க."

வேடிக்கையாகத்தான் சொன்னேன். கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. பெண்கள் சிரித்தார்கள். குப்பம்மா நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். அஞ்சலை பூட்ஸை மட்டும் வெளிப்பக்கம் கழுவிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினாள். மறுநாளிலிருந்து அவள் அந்தத் தொட்டியடியில் உட்காரவில்லை. முன்பைவிடச் சீக்கிரம் வீட்டுக்கு வந்தாள், சீக்கிரம் உலை வைத்தாள். அது எனக்கு வசதியாகவும் இருந்தது.

மாசியிலிருந்து சித்திரை வரைக்கும் அவள் காலை யாரும் பார்க்கவில்லை. கண் நன்றாக இருந்த நானும் பார்க்கவில்லை.

புதுச்சேரி

ஆணியைப் பார்த்த மறுநாள் காலையில் முதல் பஸ்ஸில் புதுச்சேரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். முதலில் இரண்டு விரலை எடுக்க வேண்டும் என்றார்கள். நாலாம் நாள் பாதம் என்றார்கள். பிறகு முழங்காலுக்குக் கீழே என்றார்கள். ஒவ்வொரு தடவையும் கையெழுத்துப் போட்டவன் நான். டாக்டர் சின்ன வயசுக்காரர். எப்படி இத்தனை நாள் பார்க்காமல் விட்டீர்கள் என்று ஒரே ஒரு முறை கேட்டார். பூட்ஸ் போட்டிருந்தாள் என்று சொன்னேன்.

அஞ்சலை அழவில்லை. வார்டில் எல்லோரிடமும் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தாள். என்னிடமும் சாப்பிட்டீங்களா, வீட்டைப் பூட்டினீங்களா என்று விசாரித்தாள். பூட்ஸைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இவள் திட்டட்டுமே, நாலு பேர் முன்னால் கேட்கட்டுமே என்று நான் ஒவ்வொரு நாளும் காத்திருந்தேன்.

ஒரு மதியம் குப்பம்மா பஸ் பிடித்து வந்தாள். வந்தவள் நலம் விசாரிக்கவில்லை. கட்டில் ஓரமாக உட்கார்ந்து, போர்வையை விலக்கி, மிஞ்சியிருந்த இடது காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அடிப்பாதத்தைத் தடவினாள். விரல் இடுக்கைப் பிரித்துப் பார்த்தாள். கொண்டு வந்த எண்ணெயைத் தடவினாள். அப்போதுதான் அஞ்சலை வாய்விட்டு அழுதாள். நான் தண்ணீர் பிடிக்கப் போவது போல வெளியே போய்விட்டேன். வராந்தாவில் நின்றபோது, அந்தச் சுரங்கத்திலேயே ஒரு கல் என் தலையில் விழுந்து நான் செத்துப்போயிருக்கக் கூடாதா என்று தோன்றியது. இப்போதும் சில நாள் அப்படித் தோன்றுகிறது.

வீட்டுக்கு வந்த முதல் நாள் சாயங்காலம் தண்ணீரும் எண்ணெயும் எடுத்து வைத்துக்கொண்டு அவள் முன்னால் உட்கார்ந்தேன். இடது காலை என் மடிக்கு எடுக்கக் கையை நீட்டினேன். அவள் காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"வேணாங்க."

"தினம் பாக்கணும்னு நர்ஸம்மா சொன்னாங்களே."

"குப்பம்மா வருவா. நீங்க பாக்க வேணாம்."

குரலில் கோபமே இல்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் இரண்டு நாளில் ஆறிவிடும் என்று இருந்திருப்பேன். குழம்புக்கு உப்பு போதும் என்று சொல்வது போலச் சொன்னாள். நான் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து உள்ளே வைத்தேன்.

குப்பம்மா தினமும் வந்தாள். மழை நாளிலும் வந்தாள். எதிரே உட்கார்ந்து அஞ்சலையின் ஒற்றைக் காலைப் பார்த்து முடிப்பாள். பிறகு தன் இரண்டு கால்களையும் அஞ்சலை மடியில் வைப்பாள். எங்கள் வீட்டு பல்பு மங்கல். அதனால் எனக்கும் ஒரு வேலை கிடைத்தது.

"ணா, டார்ச்ச புடிங்க. மூஞ்ச மட்டும் அந்தாண்ட திருப்பிக்கோங்க" என்பாள் குப்பம்மா.

வெளிச்சத்தைக் கால் மேல் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி நிற்பேன். "கொஞ்சம் கீழ, ணா" என்றால் கீழே இறக்குவேன். சுவரில் பழைய காலண்டர் ஒன்று தொங்கியது. அதில் இருந்த முருகனின் முகம் எனக்கு இன்றும் மனப்பாடம்.

கேட்ட வாசகருக்குச் சொல்கிறேன். ஐயா, விதியில் ஒரு குறையும் இல்லை. அதன் ஒரு பாதியைச் செதுக்கி எறிந்துவிட்டு மீதியை நான் கொண்டுவந்து அவளுக்குப் போட்டுவிட்டேன்.

அஞ்சலை போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. கால் காரணமில்லை, கிட்னி. அந்த இடது கால் கடைசி வரைக்கும் ஒரு கீறல் இல்லாமல் இருந்தது என்று குப்பம்மா சொன்னாள். அவள் உடம்பைக் குளிப்பாட்டும்போது ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று காத்திருந்தேன். தண்ணீர்க் குடத்தை வாங்கிக்கொண்டு, பெண்கள் என்னை வெளியே போகச் சொல்லிவிட்டார்கள்.